பெரியப்பாவின் மூன்று இட்லி

கடலூர் முதுநகரில் ஒரு மளிகை மண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதிய என் பெரியப்பாவுக்குச் சென்ற ஐப்பசி மழையின்போது பக்கவாதம் வந்தது. வலக்கை துவண்டது, வலக்கால் சற்றே இழுத்தது. அவற்றைவிட எங்களைக் கலங்கடித்தது பேச்சு நின்றுபோனதுதான். நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கேட்டால் இடக்கையால் எடுத்துத் தந்தார். ஆனால் தனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், "அது... அது..." என்று தொடங்கி, சொல் வராமல் தொடையில் தட்டிக்கொள்வார்.

புதுச்சேரியில் அவரைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், ஸ்கேன் படத்தில் இடப்பக்க நெற்றிக்குப் பின்னால் இருந்த கருந்திட்டு ஒன்றைக் காட்டினார். மூளையின் இடப்பாதிதான் உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது என்றும், பெரும்பாலானோருக்குப் பேச்சை உருவாக்கும் பகுதியும் அந்தப் பாதியிலேயே, முகத்தையும் கையையும் அசைக்கும் பட்டைக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், ஒரே இரத்தக்குழாய் அடைபட்டதில் கையும் பேச்சும் சேர்ந்து போயின என்றும் விளக்கினார்.

பேச்சை உருவாக்கும் இந்தப் பகுதிக்குப் பிரோக்கா பகுதி என்று பெயர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், 1861இல், பாரிசுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளியை மருத்துவர் பால் பிரோக்கா பார்த்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்ற ஒலி மட்டுமே லெபோர்ன் வாயிலிருந்து வந்தது. (நம் காதுக்கு அது ஒரு முழுத் தமிழ்ச் சொல்லாகவே கேட்டிருக்கும்.) அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்த பிரோக்கா, இடது முன்மடலில் சேதத்தைக் கண்டார். 1874இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்குப் பேச்சு தங்குதடையின்றி வரும், ஆனால் பொருள் இராது. பிறர் பேசுவதும் விளங்காது. அங்கே சேதம் இன்னும் பின்னால், காதுக்கு மேற்புறத்தை ஒட்டி இருந்தது.

பெரியப்பாவிடம் நான் கண்ட வியப்பு வேறு. "எத்தனை இட்லி?" என்று பெரியம்மா கேட்டால், "மூன்று" என்ற சொல்லைத் தனியே எடுக்க அவரால் முடியாது. ஆனால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வரிசையாக எண்ணிக்கொண்டுபோய், மூன்றில் நிறுத்தி, பெரியம்மாவின் முகத்தைப் பார்ப்பார். கிழமைகளும் அப்படித்தான், வியாழனைச் சொல்ல ஞாயிற்றிலிருந்து புறப்பட வேண்டும். கோயிலில் கேட்டுப் பழகிய தேவாரத்தை யாராவது தொடங்கிக் கொடுத்தால், உடன் பாடவும் செய்தார். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவது ஒரு வேலை. பழகிப் பழகி நாவில் ஊறியதை ஓட விடுவது மற்றொரு வேலை. இரண்டாவதில் மூளையின் வலப்பாதிக்கும், ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளுக்கும் பங்குண்டு என்று கருதுகிறார்கள். கணக்கெழுதியவர் ஆதலால் அவருக்கு எண்கள் மிச்சப்பட்டன என்று உறவினர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. எண்ணே எழுதாதவர்களிடமும் இது காணப்படுகிறது.

மூளையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இது பேச்சு, இது நினைவு என்று எழுதிவைக்கும் பாடப்படங்கள் பாதி உண்மையையே காட்டுகின்றன. பாரிசில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சேதம் பிரோக்கா கண்டதைவிட மிக ஆழமாக, முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நரம்பிழைகள் வரை சென்றிருந்தது தெரிந்தது. கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலம் அடைபட்டால் இரு கரையிலும் உள்ள மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் அப்படியேதான் இருக்கும், போக்குவரத்துதான் இராது.

பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. நேற்றுக் காலை வழக்கம்போல மூன்று வரை எண்ணி நிறுத்திய பெரியப்பா, தட்டில் இருந்த தேங்காய்ச் சட்னியை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நாலு" என்றார்.