ஹைட்ராவின் பச்சை வட்டு

சென்ற மார்ச் மாதத்தில், அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, ஜவ்வாது மலையில் நண்பர் ஒருவரின் நிலத்தில் 8 அங்குல ஆடியும் எளிய தாங்கியும் கொண்ட டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியை நிறுத்தி, என்ஜிசி 3242 என்ற கோள்வடிவ நெபுலாவை, அதாவது ஒளிரும் வாயு மேகம் ஒன்றை, தேடினேன். ஆயில்யத்தைத் தலையாகக் கொண்டு நீளும் ஹைட்ரா விண்மீன் குழுவில், மியூ ஹைட்ரே விண்மீனுக்குத் தெற்கே ஏறத்தாழ 2 பாகை தள்ளி அது இருக்கிறது. லண்டனிலிருந்து பார்ப்பவர்களுக்கு 20 பாகை உயரத்துக்கு மேல் எழாத இந்த நெபுலா, நமக்கு 60 பாகை வரை ஏறி வருகிறது.

48 மடங்கு உருப்பெருக்கத்தில் அது மற்ற விண்மீன்களோடு கலந்துதான் தெரிந்தது. ஆக்சிஜன் உமிழும் பச்சை ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைக் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) நடுவே பிடித்து, விலக்கி, மறுபடியும் பிடித்தபோது, சுற்றியிருந்த விண்மீன்கள் எல்லாம் மங்கின. ஒன்று மட்டும் மங்கவில்லை. அதுதான் நெபுலா. ஐபீஸை மாற்றி 120 மடங்கில் பார்த்தபோது, சற்றே நீள்வட்டமான, நீலம் கலந்த பச்சை வட்டு ஒன்று அசையாமல் நின்றது. 1785இல் இதைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல் ஏன் வியாழனோடு ஒப்பிட்டார் என்பது அப்போது புரிந்தது. கோள்களுக்கும் கோள்வடிவ நெபுலாக்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; சூரியனைப் போன்ற விண்மீன் தன் முதுமையில் உதிர்த்த வாயுவை, எஞ்சிய வெப்பமான உள்ளகம் புற ஊதாக் கதிர்களால் ஒளிரச் செய்கிறது.

அந்தப் பச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ குழுவிலுள்ள பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறங்களாகப் பிரித்து அதன் நிறமாலையைப் பார்த்தபோது, பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடுகளைக் கண்டார். ‘நெபுலியம்’ என்ற புதுத் தனிமமே இருப்பதாக அறிஞர்கள் நம்பினார்கள். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் உமிழும் ஒளிதான் அது என்பதை 1927இல் ஐரா போவன் விளக்கினார். பூமியின் ஆய்வகங்களில் அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்வதால் அந்த ஒளி வெளிப்பட அவகாசமே கிடைப்பதில்லை. நெபுலாவின் வாயு மிகவும் அடர்த்தி குறைந்தது என்பதால் அங்கே அந்த ஒளி வெளிப்படுகிறது. அந்த ஒளியின் முதன்மைக் கோடு 500.7 நானோமீட்டர் அலைநீளத்தில் விழுகிறது. இருளுக்குப் பழகிய கண்ணின் உணர்திறன் உச்சமடைவதோ 507 நானோமீட்டருக்கு அருகில். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மறுநாள் இரவு, விண்ணைப் பின்தொடரும் தாங்கியில் பொருத்திய 750 மிமீ குவியத்தொலைவுள்ள தொலைநோக்கியில் கேமராவை மாட்டினேன். முதலில் எடுத்த 120 விநாடி எக்ஸ்போஷர்கள் அனைத்திலும் வட்டின் நடுப்பகுதி ஒளி மிகுந்து வெறும் வெள்ளைப் புள்ளியாகிப் போயிருந்தது. நாற்பது பிக்சல் அகலத்துக்குள் அடங்கிய பொருளில் உள்விவரமே எஞ்சவில்லை. பிறகு 5 விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, காற்றின் அலைவு குறைந்திருந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கினேன். உள்ளே கண் வடிவ ஓடும், அதைச் சுற்றி மங்கலான வெளி ஓடும் தெளிந்தன. நீண்ட எக்ஸ்போஷர்கள் வெளி ஓட்டுக்குப் பயன்பட்டன.

ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு என் படத்தில் ஏறக்குறைய இல்லை, ஏனெனில் சாதாரண கேமராவின் உள்ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. இந்த நெபுலாவைப் பொறுத்தவரை அதை இழப்பாக நான் கருதவில்லை. முதல் இரவில் சிவப்பு விளக்கொளியில் பென்சிலால் வரைந்த படத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். வட்டின் விளிம்பு ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் இருப்பதாக அதில் குறித்திருந்தேன். அடுக்கிய படத்திலும் அந்தப் பக்கம் கரைந்தே இருந்தது.