காற்றுப் படாமல் சைடர்: ஒரு கெக்கிலிருந்து இன்னொரு கெக்குக்கு

ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்து வீட்டில் தயாரிக்கும் மதுவான சைடர் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஈஸ்ட்டோ பழமோ காரணமில்லை, காற்றுதான் காரணம். நொதித்து முடிந்த சைடரைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து இன்னொரு குடுவைக்குக் குழாய் போட்டு இறக்கும் அந்தச் சில நிமிடங்களில் கலக்கும் ஆக்சிஜன், பழ வாசனையை மங்கச் செய்வதோடு, ஆல்கஹாலைப் புளிக்காடியாக மாற்றும் அசெட்டோபாக்டர் பாக்டீரியாவுக்கும் உயிர் கொடுத்துவிடுகிறது. பெர்சி புல்மர் 1887-இல் சைடர் ஆலை தொடங்கிய, இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் நகருக்கு அருகே நான் வசிப்பதால் எனக்குப் பழத்துக்குப் பஞ்சமில்லை. குடுவைகளை ஒதுக்கிவிட்டு, நொதிக்க வைப்பது முதல் பரிமாறுவது வரை எல்லாவற்றையும் கெக் எனப்படும் மூடிய உலோக உருளையிலேயே செய்து பார்த்த அனுபவத்தை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இங்கிலாந்தில் விற்காமல் சொந்தத் தேவைக்கு மட்டும் சைடர் தயாரிப்பதற்கு வரியும் இல்லை, உரிமமும் தேவையில்லை. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம் என்பதை அங்கிருந்து படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

நான் பயன்படுத்துவது கார்னீலியஸ் கெக், பேச்சுவழக்கில் கார்னி. முன்பு குளிர்பான நிறுவனங்கள் கடைகளுக்குச் சர்க்கரைப்பாகு அனுப்பப் பயன்படுத்திய, 19 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் உருளை இது. மூடியில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று இருக்கும். தலைப்பகுதியில் இரண்டு முனைகள்: வாயு முனையின் கீழே ஒரு குட்டைக் குழாய், திரவ முனையின் கீழே அடிவரை இறங்கும் நீண்ட குழாய். பழைய கெக் வாங்கினால் ரப்பர் வளையங்கள் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது, ஏனென்றால் பழைய பானத்தின் வாசனை எஃகில் ஒட்டாவிட்டாலும் ரப்பரில் ஊறிக் கிடக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. நீண்ட குழாயின் அடியை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு அறுத்துக் குட்டையாக்கினேன். அடியில் படியும் மண்டியை அது உறிஞ்சாமலிருக்க அந்த இடைவெளி வேண்டும்.

பழத்தைப் பொறுத்தவரை, பிரிஸ்டல் அருகேயிருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தின் பார்க்கர் வகுத்த பாகுபாட்டையே இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள்: அமிலம் 0.45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் புளிப்பு வகை, டானின் 0.2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் துவர்ப்பு வகை. துவர்ப்பும் இனிப்பும் கொண்ட டாபினெட் பெரும்பங்காகவும், புளிப்புக்குச் சமையல் ஆப்பிளான பிராம்லி சிறுபங்காகவும் எடுத்துக்கொண்டேன். டாபினெட்டை உதிர்ந்தவுடன் பிழியக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்குக் குவியலில் கிடந்து கனிய வேண்டும். அரைத்துப் பிழிந்த சாற்றில், சர்க்கரையின் அளவை அடர்த்தியைக் கொண்டு அறிய உதவும் ஹைட்ரோமீட்டர் 1.052 காட்டியது, பி.எச். அளவு 3.4 இருந்தது.

அந்த அமிலத்தன்மைக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு கந்தக டை ஆக்சைடு தேவை என்பது கணக்கு, அதாவது 4.5 லிட்டருக்கு இரண்டு காம்ப்டன் மாத்திரைகள். பனங்கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீரைக் கள்ளாகாமல் தடுப்பதைப் போல, பழத்தோலோடு வந்த கண்ட கண்ட நுண்ணுயிர்களை இது அடக்கி வைக்கிறது. ஆனால் இங்கே தடுப்பு ஒரு நாளுக்குத்தான். மறுநாள் லால்வின் இ.சி. 1118 ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சேர்த்தேன். குணமற்ற ஈஸ்ட் என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. குளிரிலும் சளைக்காமல் வேலை செய்யும், அதிகம் நுரைக்காது என்பதால் கெக்குக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. நுரை மேலே ஏறி வாயு முனையை அடைத்துவிடாதிருக்க 17 லிட்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

கெக்கின் உண்மையான வசதி இதற்குப் பிறகுதான் தெரியும். நொதிக்கும் ஒவ்வொரு கிராம் சர்க்கரையும் ஏறத்தாழ அரை கிராம் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. 17 லிட்டர் சாற்றிலிருந்து 400 லிட்டருக்கு மேல் வாயு வெளியேறும். அத்தனையும் வீணாகக் கொட்டகைக்குள் போவதற்குப் பதிலாக, இரண்டாவது கெக்கிலுள்ள காற்றை விரட்ட அதைப் பயன்படுத்தலாம். இரண்டாவது கெக்கை லிட்டருக்கு 1.5 மில்லி வீதம் ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி கலந்த நீரால் கழுத்துவரை நிரப்பி மூடி, இரு கெக்குகளின் வாயு முனைகளையும் ஒரு குழாயால் இணைத்தேன். இரண்டாவது கெக்கின் திரவ முனையிலிருந்து ஒரு குழாய் வாளிக்குள் போனது. நொதித்தல் சூடுபிடித்ததும் சாற்றின் வாயு அந்த நீரை மெல்ல மெல்ல வாளிக்குத் தள்ளியது. நீர் தீர்ந்த பிறகு வாளியில் குமிழிகள் வரத் தொடங்கின. இப்போது இரண்டாவது கெக்கில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்கக் கார்பன் டை ஆக்சைடுதான், அதுவும் காசு கொடுத்து வாங்காதது. வாளிக் குழாயை எடுத்துவிட்டு, அதே முனையில் அழுத்தத்தைத் திருகி அமைக்கக்கூடிய ஸ்பண்டிங் வால்வை மாட்டி 5 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு அழுத்தத்தில்) வைத்தேன். கார்னியின் மூடி உள்ளழுத்தம் இருந்தால்தான் சரியாக இறுகும் என்பதால் அந்தச் சிறிய அழுத்தம் அவசியம். மூடிய அறையில் இந்த வாயு தரையோடு தேங்கி ஆளை மயக்கிவிடும் ஆபத்து உண்டு, ஆகவே கொட்டகைக் கதவைச் சற்றுத் திறந்தே வைத்திருந்தேன்.

நடுவில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சாற்றில் நைட்ரஜன் போதாமல் ஈஸ்ட் தவிக்கும்போது வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இது. கொஞ்சம் ஈஸ்ட் ஊட்டச்சத்தைக் கரைத்துச் சேர்த்ததும் நாளடைவில் அடங்கியது. குளிர்ந்த கொட்டகையில் நொதித்தல் வாரக்கணக்கில் நீளும். அவசரப்படுத்தாமல் விட்டால் வாசனை நன்றாகத் தங்கும். ஹைட்ரோமீட்டர் 0.999-இல் அசையாமல் நின்றபோது ஆல்கஹால் ஏறத்தாழ 7 விழுக்காடு. அதன் பிறகும், மண்டி இறுகிப் படியட்டும் என்று கெக்கைத் தொடாமல் விட்டேன்.

மாற்றும் நாளுக்கு வெகுமுன்னரே நொதித்த கெக்கை மேசை மேல் ஏற்றிவிட வேண்டும். அன்றைக்குத் தூக்கினால் மண்டி கலங்கும். இரு கெக்குகளும் ஏற்கெனவே வாயுக் குழாயால் இணைந்து ஒரே அழுத்தத்தில் இருப்பதால் சைடர் பொங்கி நுரைக்க வாய்ப்பில்லை. வெற்றுக் கெக்கை எடைத் தராசில் வைத்து, ஸ்பண்டிங் வால்வைக் கழற்றிவிட்டு, இரு கெக்குகளின் திரவ முனைகளையும் கண்ணாடி போன்ற சிலிக்கோன் குழாயால் இணைத்தேன். அழுத்தம் சமமாக இருக்கும்வரை சைடர் தானாக மேலேறி வராது. எனவே வாயுக் குழாயை ஒரு நொடி பிரித்து, கீழே இருக்கும் கெக்கின் மூடி வால்வை லேசாக இழுத்தால், அழுத்தம் குறைந்த பக்கம் நோக்கிச் சைடர் பாயும். குழாய் நிறைந்தவுடன் வாயுக் குழாயை மறுபடி மாட்டிவிட வேண்டும். அதன் பின் புவியீர்ப்பே வேலையைப் பார்த்துக்கொள்ளும்: கீழே இறங்கும் சைடர் தள்ளும் வாயு மேலே போகிறது, மேலே காலியாகும் இடத்தை அது நிரப்புகிறது, வெளிக்காற்று நுழைய எங்கும் வழியில்லை.

குழாயில் பொன்னிறமாக ஓடிக்கொண்டிருந்த சைடர் பாதியில் திடீரென்று நின்றது. முனைக்குள் இருக்கும் சிறிய சுருள்வில் வால்வில் பழச்சக்கைத் துணுக்கு சிக்கிக்கொண்டால் இப்படி ஆகும். அழுத்தத்தோடு இருக்கும் கெக்கின் முனையை ஸ்பானரால் கழற்றுவது கூடவே கூடாது, முனை துப்பாக்கிக் குண்டாகப் பாயும். திரவக் குழாயை எடுத்துவிட்டு, வாயு சிலிண்டரிலிருந்து அதே முனை வழியாகக் கணநேரம் வாயுவைச் செலுத்தினேன். அடைப்பு விலகியது, ஆனால் அடியில் சிறிது கலங்கியதால் மறுநாள்வரை ஓட்டத்தைத் தொடர முடியவில்லை. இந்தத் தொல்லைக்குத் தீர்வு மிதவைக் குழாய்: எஃகு மிதவையோடு சேர்ந்து மிதக்கும் சிலிக்கோன் குழாய், மேல்மட்டத்திலுள்ள தெளிந்த சைடரை மட்டுமே எடுக்கும். கடைசியில் குழாய்க்குள் புகையிழை போல மண்டி எட்டிப் பார்த்த கணத்தில் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். அடியில் கொஞ்சம் சைடர் வீணாகிறதே என்று தயங்கினால் அந்த மண்டி முழுவதும் புதிய கெக்குக்குப் போய்விடும்.

வசந்தகாலத்தில் கொட்டகை சூடேறும்போது, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியா தன் வேலையைத் தொடங்கலாம். அப்போதும் வாயு உண்டாகும் என்பதால் இரண்டாவது கெக்கின் வாயு முனையிலும் ஸ்பண்டிங் வால்வு இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால், நாக்கில் சுருக்கென்று படும் அளவுக்கு வாயு கரைந்துவிடும். இனிப்பு விரும்புகிறவர்கள் பிழிந்த அன்றே உறைய வைத்த சாற்றிலிருந்து சிறிது எடுத்துச் சைடரில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்த கெக்கைக் குளிரிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது, எடுத்தால் மிச்சமிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மீண்டும் நொதிக்கத் தொடங்கிவிடும். காலியான முதல் கெக்கை மண்டி உலர்வதற்குள் கழுவி, முனைகளைக் கழற்றி வால்வுகளைத் தனியே ஊறவைத்தால், அடுத்த பருவத்துக்கு அதிலேயே மறுபடியும் சாறு ஊற்றலாம்.