மியூனிக் இல்லை, கெம்னிட்ஸ்

ஜெர்மனியில் எம்.எஸ். என்றதும் எங்கள் கோவைப் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டு ஊர்தான் தெரியும்: மியூனிக், ஆஹன். நான் வந்து சேர்ந்தது இரண்டும் இல்லை. சாக்சனி மாநிலத்தில், செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கெம்னிட்ஸ். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது, 1953 முதல் 1990 வரை, இந்த ஊருக்கு கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்று பெயர். ஊர் நடுவில் ஏழு மீட்டர் உயரத்துக்கு மார்க்ஸின் தலை மட்டும் வெண்கலத்தில் நிற்கிறது. போட்டோவைப் பார்த்த சித்தப்பா, "படிக்கப் போறியா, கட்சியில சேரப் போறியா?" என்றார்.

உண்மையைச் சொன்னால் முதலில் முடிவெடுத்தது என் மார்க்தான். இசிஇ முடித்தபோது சிஜிபிஏ 7.4. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ். மாற்றிப் போட்டால் எனக்கு 2.5ஐ ஒட்டி வந்தது. அதை வைத்துக்கொண்டு பெரிய பெயர்களுக்கு அப்ளை பண்ணலாம், கிடைக்காது. காந்திபுரத்தில் ஒரு கன்சல்டன்சியில் கேட்டபோது பெர்லினில் ஒரு தனியார் கல்லூரியைக் காட்டி, சீட் உறுதி என்றார்கள். வருட ஃபீஸைக் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஆள் சேர்த்தால் இவர்களுக்குக் கமிஷன் கிடைக்காது, அதனால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள் என்று சீனியர் அண்ணா ஒருவர் விளக்கினார்.

அப்புறம் நானும் அப்பாவும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இரண்டும் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். இரண்டையும் அடித்துவிட்டோம். நான் சேர்ந்த 2022ல் கெம்னிட்ஸில் கல்விக் கட்டணம் கிடையாது; செமஸ்டருக்கு ஒரு சிறிய தொகை, அதிலேயே டிராம், பஸ் பாஸும் அடக்கம். ஆனால் விசாவுக்கு, ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 10,332 யூரோ காட்ட வேண்டியிருந்தது. அன்றைய விலைக்கு எட்டு லட்சத்துக்கு மேல், பாதிக்கு மேல் பேங்க் லோன். அந்தப் பணமும் மாதம் 861 யூரோவாகத்தான் கைக்கு வரும். அந்த 861ல் வாடகைக்கு எவ்வளவு போகும் என்பதைத்தான் நான் ரேங்கிங் என்பேன். இங்கே ஹாஸ்டல் அறை முந்நூறு யூரோவுக்குள் முடிந்தது. மியூனிக்கில் இருக்கும் நண்பன் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறான், அதுவும் அறை கிடைக்காமல் அலைந்த பிறகு. ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லா ஊரிலும் ஒன்றுதான். டிவியே இல்லாத வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

படிப்புக்கும் காரணம் இருந்தது. எம்பெடட் சிஸ்டம்ஸ், அதாவது கார், மெஷின் போன்றவற்றுக்குள் பதிக்கும் சின்னக் கணினிகளைப் பற்றிய படிப்பு, இங்கே முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ரயிலில் ஒரு மணி நேரத்தில் டிரெஸ்டன். இன்ஃபினியன், குளோபல் ஃபவுண்ட்ரீஸ், 2021ல் திறந்த பாஷ் ஆலை என்று சிப் செய்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஸ்விக்காவில் ஃபோக்ஸ்வாகன். 1932ல் நான்கு கார் கம்பெனிகள் சேர்ந்து ஆட்டோ யூனியன் உருவானதும் இந்த வட்டாரத்தில்தான். ஆடி காரின் நான்கு வளையம் அந்தக் கணக்குதான்.

அப்பாவுக்கு இந்த ஊர் பிடித்துப்போனது வேறு விஷயத்தால். கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்கிறோம் அல்லவா, கெம்னிட்ஸை சாக்சன் மான்செஸ்டர் என்பார்கள். நூற்பாலை, தறி, அதற்கான இயந்திரங்கள் என்று வளர்ந்த ஊர். பல்கலைக்கழகத்தின் மைய நூலகமே 19ஆம் நூற்றாண்டு ஸ்பின்னிங் மில் கட்டடத்தில் இருக்கிறது, 2020ல்தான் அங்கே மாறியது. வீடியோ காலில் சுற்றிக் காட்டினேன். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "ஷாஃப்ட் எந்தப் பக்கம் ஓடியிருக்கும், ஜன்னலைக் காட்டு" என்றார்.

வகுப்பு பழக நாளாயிற்று. இன்டர்னல் மார்க் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை, யாரும் துரத்த மாட்டார்கள். செமஸ்டர் முடிவில் ஒரே பரீட்சை, அதுதான் முழு மார்க். அதிலும் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் தொடர முடியாது. அரியர் வைத்துப் பழகிய நமக்கு இது வயிற்றைக் கலக்கும். ஊர் தேர்ந்தெடுக்கும்போது ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

அம்மா கவலைப்பட்டது 2018 ஆகஸ்டில் இங்கே வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த கலவரத்தைப் படித்துவிட்டு. அது நடந்தது உண்மை, அந்த அரசியல் இன்றும் போஸ்டரில் தெரிகிறது. டிராமில் சிலர் முறைப்பார்கள். இரவு நேரத்தில் டவுன் நடுவே இருக்கும் டிராம் நிறுத்தத்தில் நான் தனியாக நிற்பதில்லை. அதே ஊரில்தான் மாடி வீட்டுப் பாட்டி, குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டதற்குத் திட்டிவிட்டு, கிறிஸ்துமஸ் நேரத்தில் கேக் கொண்டுவந்து கொடுத்தார். டிசம்பரில் ஜன்னல்தோறும் வளைவு வளைவாக மெழுகுவத்தி விளக்கு வைப்பார்கள், பக்கத்து எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் வழக்கம்.

கோர்ஸ் ஆங்கிலத்தில் என்று நம்பி வருபவர்களுக்கு ஒன்று: பாடம்தான் ஆங்கிலம். பேக்கரி, டாக்டர், மாநகராட்சி அலுவலகம், பார்ட் டைம் வேலை எல்லாம் ஜெர்மன். கோவையில் முடித்த ஏ2 (ஜெர்மன் மொழித் தேர்வில் இரண்டாம் படி; அடுத்தவை பி1, பி2) ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் வந்தது, அதுவும் கடைக்காரர் சாக்சன் பேச்சில் இழுக்காமல் இருந்தால். பி1 முடித்த பிறகுதான் டிரெஸ்டனில் வாரத்துக்கு இரண்டு நாள் மாணவர் வேலை கிடைத்தது. டீமில் எல்லோருக்கும் ஆங்கிலம் வரும், ஆனால் காலை மீட்டிங் ஜெர்மனில்தான். இப்போது பி2 வகுப்பில் இருக்கிறேன். தீசிஸ் அடுத்த செமஸ்டர்.