பதினான்கு பக்கம், ஒரு ஃபோன் நம்பர்

எங்கள் ஊர் நூலகத்தின் இணையதளத்தை முதலில் வெறும் எச்டிஎம்எல்லில்தான் எழுதியிருந்தேன். 14 பக்கங்கள். மேலே மெனு, கீழே ஃபோன் நம்பர், எல்லாம் காப்பி பேஸ்ட். நம்பர் மாறியபோது இரண்டு பக்கங்களில் பழைய எண்ணே நின்றுவிட்டது. வாசகர் ஒருவர் அதற்கு அழைத்து, யார் வீட்டிலோ திட்டு வாங்கினார். அன்றைக்கே, பொதுவான பகுதியை ஒரே இடத்தில் எழுதினால் எல்லாப் பக்கங்களிலும் நிரப்பித் தரும் டெம்ப்ளேட் எஞ்சினுக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன்.

பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும் என்பதால், அதில் இணையதளம் கட்ட உதவும் ஃபிளாஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன். அதை பிப் என்ற கருவி மூலம் நிறுவினால் ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் எஞ்சினும் கூடவே வந்துவிடும். இரண்டையும் உருவாக்கியவர் ஆர்மின் ரோனாக்கர். ஜப்பானிய மொழியில் ஜின்ஜா என்றால் கோயில். டெம்பிள், டெம்ப்ளேட் என்ற ஒலி ஒற்றுமைக்காக வைத்த பெயர்.

நிறுவியதும் வந்த முதல் பிழை, டெம்ப்ளேட் கிடைக்கவில்லை என்பது. கோப்பு கண்ணெதிரே இருந்தது. ஃபிளாஸ்க் தேடுவது 'டெம்ப்ளேட்ஸ்' என்ற ஃபோல்டரை. நான் கடைசி 'எஸ்' இல்லாமல் பெயர் வைத்திருந்தேன். அப்புறம் பொதுவான மெனுவையும் ஃபுட்டரையும் 'பேஸ்' கோப்பில் போட்டு, மற்றப் பக்கங்களை 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற கட்டளையால் அதன் மேல் கட்டினேன். அப்படிச் செய்த பக்கத்தில், அதன் சொந்த உள்ளடக்கத்துக்கென ஒதுக்கிய 'பிளாக்'குக்கு வெளியே எழுதுவது எதுவும் திரையில் வராது. இதைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆனது.

இதைவிட அலைக்கழித்தது வெற்றுப் பக்கம்தான். புத்தகப் பட்டியலை ஒரு பெயரில் அனுப்பிவிட்டு, டெம்ப்ளேட்டில் வேறு பெயரில் கேட்டிருக்கிறேன். ஜின்ஜா பிழை காட்டாது; இல்லாத மாறியைக் காலியாக எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். 'ஸ்டிரிக்ட் அன்டிஃபைண்ட்' என்ற அமைப்பைப் போட்ட பிறகுதான் இல்லாத பெயரைக் கேட்டால் உடனே பிழை வந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

வாசகர் விமர்சனங்களில், வரியை உடைக்கும் 'பிஆர்' டேக் அப்படியே எழுத்தாகத் தெரிந்தது. டேக்குகளை அப்படியே இயங்கவிடும் 'சேஃப்' ஃபில்டரைப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் போடவில்லை. படிவத்தில் யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட்டை எழுதி அனுப்பலாம். அதைத் தடுப்பதே, டேக்குகளை வெறும் எழுத்தாகக் காட்டும் இந்த எஸ்கேப்பிங்தான். வரி உடைப்பை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் பார்த்துக்கொண்டேன்.

கடைசிச் சிக்கல் தமிழுக்கே உரியது. புத்தகக் குறிப்புகள் வரும் கட்டங்கள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக, நீண்ட உரையைச் சுருக்கும் 'ட்ரன்கேட்' ஃபில்டரைச் சொல்லின் நடுவிலும் வெட்டும்படி அமைத்திருந்தேன். ஒரு குறிப்பு 'நூலகம...' என்று முடிந்தது. புள்ளி எங்கே போயிற்று? நம் கண்ணுக்கு 'நூலகம்' நான்கு எழுத்து. பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை: ந, அதன் ஊகாரக் குறி, ல, க, ம, புள்ளி என்று ஆறு. ஐந்தோடு வெட்டினால் மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. 'கோயில்' முதல் குறியீட்டோடு வெட்டுப்பட்டால் மிஞ்சுவது வெறும் 'க'. தமிழ்ப் பக்கத்தில் இப்படி எழுத்து சிதைந்து நிற்பதை என்னால் விட்டுவைக்க முடியவில்லை.

'ட்ரன்கேட்'டை மாற்றாமல் விட்டால் இடைவெளி பார்த்துத்தான் வெட்டும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். எனக்கு எழுத்துக் கணக்கும் தேவைப்பட்டதால், பைத்தானுக்கான 'ரெஜெக்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பை வைத்து முழு எழுத்தாக எண்ணும் சின்ன ஃபில்டர் ஒன்றை எழுதி ஜின்ஜாவில் சேர்த்தேன். இப்போது அதில் 'நூலகம்' நான்கு.