தெஹிவளை மாடியில் ஒரு வேதாகமப் பள்ளி

லண்டனில் நாங்கள் கூடும் தமிழ்ச் சபையின் அருட்பணிக் குழுவுக்கு நான் பொருளாளராகி ஏழு வருடங்கள் ஆகின்றன. கொழும்பில் போதகர்களுக்கும், போதக ஊழியத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் சிறிய வேதாகமப் பள்ளி ஒன்றுக்கு மாதம் 600 பவுண் அனுப்பி வைப்பது என் பொறுப்பு. அவ்வளவு காசை அனுப்பிய நான் அந்தப் பள்ளியின் படிக்கட்டில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. 2025 பெப்ரவரியில் ஒன்பது நாட்கள் அங்கே தங்கி, கணக்குகளைப் பார்த்து, உதவியைத் தொடரலாமா என்று எழுதித் தரும்படி குழு என்னை அனுப்பியது. கையில் நான்கு பக்கக் கேள்வித்தாள் ஒன்றையும் தந்துவிட்டார்கள். அதில் பெரும்பாலானவை நியாயமான கேள்விகள்; கடைசிக் கேள்வி மட்டும் விமானத்தில் பத்து மணி நேரமும் மனதுக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. ஆங்கிலத்தில் நல்ல பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது இவர்கள் ஏன் இன்னும் தமிழில் படிப்பிக்கிறார்கள் என்பதே அது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று ஒவ்வொரு தரிப்பாகக் கடந்து தெஹிவளையில் இறங்கினேன். வெள்ளவத்தையில் நான் 1986இல் தங்கியிருந்த லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடித் தொடர்மனை நிற்கிறது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

பள்ளி என்றதும் வளவும் மணிக்கூண்டும் கொண்ட கட்டடத்தை நினைத்துவிடக் கூடாது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடி அது. முன்மண்டபம் வகுப்பறை, பின்னறைகள் இரண்டும் படுக்கைக்கு, மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழ் சமையல். ஒவ்வொரு ரயிலும் போகும்போது விரிவுரையாளர் அரை நிமிடம் பேச்சை நிறுத்துவார்; மாணவர்கள் அந்த இடைவெளியில் பேனைக்கு மை வந்ததா என்று பார்ப்பார்கள். மாணவர்கள் பதினேழு பேர். மாதத்தில் ஒரு கிழமை இங்கே தங்கிப் படிப்பார்கள். மற்ற மூன்று கிழமைகளும் தங்கள் ஊரில் ஊழியத்தையும் பிழைப்பையும் பார்ப்பார்கள். மூன்று வருடங்கள் இப்படிப் போய்வந்தால் ஒரு டிப்ளோமா. முழுநேரமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இலங்கையில் வேறு இடங்கள் இருக்கின்றன. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் முதலியன சேர்ந்து 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களை உருவாக்குகிறது. 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் கல்லூரி மூன்று மொழிகளிலும் கற்பிக்கிறது. ஆனால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தைந்து குடும்பங்களை மேய்க்கும் ஒருவருக்கு, மூன்று வருடங்கள் வீட்டைவிட்டு வந்து தங்குவது நடக்கிற காரியமல்ல. அந்த இடைவெளியில்தான் இந்த மாடிப் பள்ளி நிற்கிறது.

இரண்டாம் நாள் காலை, பின்வாங்கில் இருந்து பாடம் கேட்டேன். பாடம், தமிழ் வேதாகமத்தில் கடவுளைக் குறிக்கும் சொற்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி பப்ரீசியுஸ் ‘பராபரன்’ என்று எழுதியதையும், கத்தோலிக்கர் ‘சருவேசுரன்’ என்று வழங்கியதையும், 1871இன் மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்ற சொல்லை நிலைக்கச் செய்ததையும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘கடவுள்’ என்று மாற்றியதையும் விரிவுரையாளர் கரும்பலகையில் நான்கு நிரலாக எழுதினார். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத் தமிழைச் செப்பனிட்டவர், பின்னாளில் சைவத்துக்காக வாதாடிய ஆறுமுக நாவலர் என்ற செய்தியைக் கேட்டதும் முல்லைத்தீவிலிருந்து வந்த மீனவர் ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “எங்கட நாவலரோ?” என்று கேட்டார். அப்போது தோட்டப்பகுதி இளைஞர் ஒருவர் மெல்ல எழுந்தார்.

“சேர், எங்க லயத்துல பக்கத்து வீட்டு ஆயாகிட்ட தேவன்னு சொன்னா யாருன்னு கேப்பாங்க. சாமின்னு சொன்னாத்தான் வெளங்கும். நான் எப்படிச் சொல்றது?”

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கேள்வி வகுப்பைவிட்டுப் போகவில்லை. சாமி என்று சொன்னால் எந்தச் சாமி என்று ஒருவர். அதைச் சொல்லிக் கொடுக்கத்தானே போதகர் என்று இன்னொருவர். ஆயா ஜெபிக்கும்போது எந்தச் சொல் அவருடைய வாயில் தானாக வருகிறது என்று பாருங்கள் என்று விரிவுரையாளர். என் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த கேள்வித்தாளை நான் தொட்டுப் பார்த்தேன். இந்த வகுப்பை ஆங்கிலத்தில் நடத்த முடியாது என்பதற்காக அல்ல. ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழும்பியிராது என்பதற்காக.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவு வட்டுக்கோட்டைக்குப் போயிற்று. நான் படித்தது அங்கே. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே பெருமையோடு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் 1855இல் அந்த மிஷனரிமாரை அனுப்பிய பொஸ்டன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போன அந்த வருடமே செமினரி மூடப்பட்டது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் சபைக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், சுதேச மொழியில் கற்பித்தால் போதும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மூடுவதா, விடுவதா என்பதை முடிவு செய்தவர்கள் வட்டுக்கோட்டையில் இருக்கவில்லை. பிறகு ஊர்க் கிறிஸ்தவர்களே முன்நின்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதை மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. அண்டர்சன் ஆங்கிலம் வேண்டாம் என்றார். எங்கள் குழு ஆங்கிலம் வேண்டும் என்கிறது. நூற்றெழுபது வருடங்களில் மொழிதான் மாறியிருக்கிறது, நாற்காலி மாறவில்லை. நுளம்புத்திரியின் புகைக்குள் கிடந்து இதை யோசித்தபோது, நானே அந்த நாற்காலியில் இருக்கிறேன் என்பது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

மறுநாள் கணக்கு. சமையலைப் பார்க்கும் அக்கா எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்: அரிசி, பருப்பு, நெத்தலி, தேங்காய், காஸ். எழுத்து உருண்டையாக, ஒவ்வொரு நாளின் கீழும் இரட்டைக் கோடு. எங்களுடைய அரையாண்டு அறிக்கைப் படிவத்தில் இந்தக் கொப்பி முழுவதும் ‘இதர செலவுகள்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகிறது. 2022இல் ரூபாய் சரிந்தபோது, 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 360ஐத் தொட்டது. நான் போனபோது 300ஐச் சுற்றி நின்றது. நாங்கள் அனுப்பும் பவுணுக்கு இப்போது கூடுதல் ரூபாய் கிடைப்பதால் தொகையைக் குறைக்கலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் அக்காவின் கொப்பியைப் பார்த்திருக்க வேண்டும். 2021இல் 1,500 ரூபாய்க்கும் குறைவாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் ஒரு கட்டத்தில் 4,900 வரை ஏறி, இறங்கியும் 3,700 அளவில் நின்றது. தேங்காய் ஒன்று 200 ரூபாயை எட்டியிருந்தது. “முந்தி சம்பலுக்கு ரெண்டு தேங்காய் துருவுவன் ஐயா, இப்ப ஒண்டுதான். பிள்ளையள் ஒண்டும் சொல்லுறேல்லை” என்றார் அக்கா.

மாணவர்களிடம் கட்டணம் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். 2024இல் உயர்த்தப்பட்ட பிறகும் தோட்டத் தொழிலாளி ஒருவரின் அடிப்படை நாட்சம்பளம், நான் போனபோது, 1,350 ரூபாயாகவே இருந்தது. அந்தச் சம்பளத்திலிருந்து வரும் காணிக்கையில் வாழும் போதகர் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து போவதே பெரிய காரியம். இருந்தும் ஒவ்வொருவரும் வரும்போது ஏதாவது கொண்டு வருகிறார்கள்: மலையிலிருந்து லீக்ஸும் கரட்டும், முல்லைத்தீவிலிருந்து கருவாடு, மட்டக்களப்பிலிருந்து ஒருவர் பத்துக் கிலோ அரிசி. இவற்றின் மதிப்பை வரவுப் பக்கத்தில் ஏற்றும்படி அக்காவிடம் சொன்னேன். பொருளாளராக நான் அங்கே செய்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருக்கும்.

இனி எங்கள் பக்கத்துக் குற்றம். வகுப்பறையின் மூலையில் பூப்போட்ட மேசைவிரிப்பால் மூடப்பட்டு ஒரு பெரிய உருப்படி இருந்தது. அதன்மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். விரிப்பைத் தூக்கினால், 2017இல் நாங்கள் லண்டனிலிருந்து கப்பலில் அனுப்பிய போட்டோகொப்பி இயந்திரம். அதன் மூடியில் எங்கள் சபையின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. யாரோ தவறாமல் துடைக்கிறார்கள். அந்த மாதிரிக்குரிய டோனர் கொழும்பில் கிடைக்காது என்பதால் எட்டு மாதத்தோடு அது நின்றுவிட்டதாம். ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று அதிபரிடம் கேட்டேன்.

“எப்பிடி அண்ணை சொல்லுறது? நீங்கள் ஆசையாய் அனுப்பினது” என்றார் அவர்.

ஏழு வருடங்களாக ஒழுங்காக வந்த அறிக்கைகளில் அந்த இயந்திரம் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றே இருந்தது. பாட்டுப் புத்தகம் வைக்கப் பயன்படுகிறதுதானே என்று நான் சொல்ல, இருவரும் சிரித்தோம். ஆனால் உதவி பெறுகிறவர் உண்மையைச் சொல்லப் பயப்படும்படி ஒரு உதவியை நடத்திவந்திருக்கிறோம் என்பது சிரிப்புக்குரியதல்ல.

ஞாயிறு ஆராதனைக்குப் பின் அதிபர் என்னைப் புறக்கோட்டைக்கு அப்பால் வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார். ஒல்லாந்தர் 1757இல் பிரதிஷ்டை செய்த, சிலுவை வடிவான, பருத்த சுவர்கள் கொண்ட கட்டடம். உள்ளே நுழைந்ததும் வெளியே இருக்கும் சந்தடி அறுத்தாற்போல் நின்றுவிடுகிறது. தரையில் கிடக்கும் கல்லறைக் கற்களை மிதிக்காமல் நடக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டேன். அதிபருக்கு இந்த இடத்தில் சொல்ல ஒரு கதை இருந்தது. சுதேசிகளை உபதேசிமாராகவும் போதகர்களாகவும் பயிற்றுவிப்பதற்கு ஒல்லாந்தர் 1696இலேயே கொழும்பில் ஒரு செமினரி நடத்தினார்கள். கொழும்பில் பிறந்து அங்கே படித்த தமிழரான பிலிப்பு தே மெல்லோவின் புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கம் 1759இல் இங்கேயே அச்சாயிற்று. செலவு முழுவதும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியுடையது. 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்ததும் கொம்பனி போயிற்று, செமினரியும் போயிற்று, பதிவேட்டில் கிறிஸ்தவர் என்றிருந்த பெருந்திரளானவர்களும் கலைந்து போனார்கள். “மிஞ்சினது மெல்லோவின்ர தமிழ்தான்” என்றார் அதிபர், படியிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டே.

திரும்பும் வழியில் பெயர்ப்பலகை விஷயத்தைப் பேசினோம். தெருவாசலில் எங்கள் சபையின் பெயரோடு ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது கேள்வித்தாளின் பதினோராவது இலக்கம். அதிபர் அதை நேராகவே மறுத்தார். வெளிநாட்டுக் காசில் மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் இந்த நாட்டில் இலேசானதல்ல. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று நாடாளுமன்றம் வரை வந்து, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு நிறைவேறாமல் நின்றது. சட்டம் வராவிட்டாலும் பேச்சு நின்றுவிடவில்லை. கிராமத்தில் ஊழியம் செய்யும் போதகரின் பின்னால் லண்டன் என்ற பெயர் நின்றால், அந்தப் பெயருக்கான பதிலை அவர்தான் ஊராருக்குச் சொல்ல வேண்டிவரும். இந்தக் கோணம் எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

வங்கிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். சென்ற நவம்பரில் நாங்கள் அனுப்பிய தொகை மூன்று கிழமைகள் ஒரு வங்கியில் தேங்கிக் கிடந்தது. நோக்கம் என்ற இடத்தில் நான் ‘மிஷன்’ என்று ஒற்றைச் சொல் எழுதியதுதான் வினை. அதை விளக்கி மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. அந்த மூன்று கிழமைகளும் மூலைக்கடைக்காரர், அவர் ஒரு முஸ்லிம், அக்காவுக்குக் கடனுக்கு அரிசி கொடுத்திருக்கிறார். கொப்பியில் அந்தக் கடனும் அது தீர்க்கப்பட்ட திகதியும் இரட்டைக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன.

லண்டன் திரும்பியதும் குழுவுக்கு ஆறு பக்கம் எழுதினேன், தமிழிலேயே. வாசிக்க முடியாத இளையவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். வெளிநாட்டு மிஷன் என்றால் வெள்ளைக்காரர் தொடங்கியது என்று நினைத்திருந்த அவர்களுக்கு ஒரு பழைய செய்தியையும் சொன்னேன். யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்கள் சொந்தக் காசில் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் ஒருவரை அனுப்பித் தாங்கிவந்ததை, 1902இல் யாழ்ப்பாணம் போன, பிற்காலத்தில் பிஷப்பான வேதநாயகம் அசரியா கண்டார். அடுத்த வருடமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மூன்று காரியங்கள் முடிவாயின. தொகை 600இல் குறையாது. நிறுத்துவதாக இருந்தால் இரண்டு வருடங்களுக்கு முன்னமே அறிவிப்போம். என்ன மொழியில், என்ன பாடம் என்பது அவர்களுடைய பாடு. பெயர்ப்பலகை கைவிடப்பட்டது. ஒருவர் இன்னும் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

சென்ற கிழமை அதிபர் தொலைபேசியில் அழைத்தார். போட்டோகொப்பி இயந்திரத்தைத் தெஹிவளைச் சந்தியில் திருத்துகிற கடைக்காரர் ஒருவர் உதிரிப்பாகத்துக்கு எடுத்துக்கொண்டாராம், 18,000 ரூபாய்க்கு. வெளிநாட்டு நன்கொடையாக வந்த சொத்தை விற்ற பணத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று கேட்டார். முறைப்படி அதற்கொரு தலைப்பு இருக்கிறது, நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. அவர் அதை ஏற்கெனவே எழுதிவிட்டாராம். அந்தக் காசில் வாங்கியவற்றையும் கீழே எழுதி, இரட்டைக் கோடும் போட்டாயிற்றாம்.

“பித்தளைத் தகட்டை மட்டும் கழட்டி வைச்சிருக்கிறன், ஐயா. அனுப்பிவிடவோ?”