அண்டா எங்களுக்கு, மைக் அவர்களுக்கு

மலேசியாவில் எங்கள் ஊர்த் தமிழ் ஆண்களிடம் இன ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ ஆறிப்போகும் வரை விளக்குவார்கள். 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் சிறப்பு நிலை தரும் அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர்களும் பூர்வகுடிகளும்) நூற்றுக்கு 90 இடம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து 10, எல்லாம் விரல் நுனியில். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் நல்ல தேர்ச்சி வாங்கியும் மெட்ரிக் கிடைக்காத பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2007 நவம்பர் 25, இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு இந்தப் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (அதே வருடம் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?) போய்க் கண்ணீர்ப்புகை வாங்கி வந்தவர்கள் இன்னும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும்.

அதே ஆட்களிடம் கோயில் கமிட்டியில் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று கேளுங்கள். முகம் மாறிவிடும்.

நான் கேட்டேன், திருவிழாக் கணக்கு வாசித்த கூட்டத்தில். பொருளாளர் கையில் இருந்த நோட்டு எங்கள் தெரு அக்கா ஒருவர் எழுதியது. முன்பு ரப்பர் தோட்ட ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர், ரசீது எண்களை நீல மையிலும் பாக்கி வைத்தவர்கள் பெயரைச் சிவப்பிலும் எழுதி வைப்பார். பொருளாளர் வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கையெழுத்து புரியாமல் நின்று, பின்னால் குழம்பு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்த அக்காவையே கூப்பிட்டு, "இது எட்டா மூணா?" என்று கேட்டுவிட்டு மைக்கில் தொடர்ந்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பதவியை அக்காவுக்கே கொடுத்துவிடலாமே என்றேன்.

"நம்ம பெண்களைத் தெய்வமா மதிக்கிறோம்மா" என்றார் ஒருவர். மகளிர் பிரிவு இருக்கிறதே என்றார் இன்னொருவர். (அந்தப் பிரிவின் வேலை என்ன என்று அண்டாவைக் கேட்டால் சொல்லும்.) உண்மையிலேயே கோபம் வந்தது தலைவருக்குத்தான். "நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவன். விடியக்காலையில அம்மாகூட ரப்பர் பால் எடுத்துட்டுப் பள்ளிக்கூடம் போனவன். எனக்கு எவன்மா சலுகை கொடுத்தான்?"

இதே கேள்வி மலாய் மொழியிலும் என் காதில் விழுந்திருக்கிறது. 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியும் 90-10 அப்படியே நின்றபோது, ஆபீசில் என் பக்கத்து மேசை மலாய் நண்பர் இதையேதான் சொன்னார். அப்பா மீன் பிடிப்பவர், வீடு நிறையப் பிள்ளைகள், சொந்தமாகப் படித்து வந்தேன், எனக்கு யார் என்ன கொடுத்தார்கள்? அவர் கஷ்டப்பட்டதும் உண்மைதான். இதை எங்கள் தலைவரிடம் சொன்னால் உடனே பதில் வரும்: கஷ்டப்பட்டிருப்பான், ஆனா ஃபாரத்தில் 'இனம்' என்ற கட்டத்தில் எழுதினதுக்காக அவனை யாரும் திருப்பி அனுப்பலையே! இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அந்தத் தெளிவெல்லாம் 'ஆண், பெண்' கட்டத்துக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது?

தோட்டத்தில் எல்லோரும்தான் கஷ்டப்பட்டோம் என்பார்கள். 1920-களின் கடைசியில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வந்தவளுக்குத்தான் அந்த 40. வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அது, சரி, ஆனால் அந்த 40 காசைப் பிடுங்கிக் கள்ளுக்கடைக்குக் கொண்டுபோனவன் வெள்ளைக்காரன் இல்லை. 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் மட்டும் மேடைப் பேச்சுக்குத் தவறாமல் வருவார்கள்.

எனக்கு அதிக எரிச்சல் தருவது ஒன்று உண்டு. இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் எங்கள் ஆண்கள் எல்லோரும் அவர் பக்கம். 2009-இல் கணவர் அவருக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார், 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது, தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. அன்றைக்கு வாட்சப் முழுக்கக் கொண்டாட்டம். அந்த வழக்கில் மதம் ஒரு பாதி என்றால், பிள்ளை விஷயத்தில் அப்பன் மட்டும் முடிவெடுத்தால் போதும் என்ற நினைப்பு மறுபாதி, அது நம் வீடுகளிலும் தாராளமாகக் கிடைக்கும். இதைச் சொன்னால் இனப் பிரச்சினையைத் திசைதிருப்பாதே, மற்ற இனத்துக்காரன் சிரிப்பான், வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே என்று வாயை அடைக்கிறார்கள். இனத்துக்காகக் கத்தவும் நாங்கள் வேண்டும், இனத்துக்காகச் சும்மா இருக்கவும் நாங்களேதான் வேண்டும். 153-ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் யாருக்கும், அதே அரசியலமைப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் 8(2)-இல் 2001-இல் பாலினத்தையும் சேர்த்தது தெரியாது.

அடுத்த ஆண்டுக்கூட்டத்துக்குப் பொருளாளர் பதவிக்கு அக்கா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டோம். முன்மொழிய நான், வழிமொழிய பக்கத்து வீட்டு ஆயா. அதற்கு ஆண் கையெழுத்து வேண்டும் என்று ஒருவர் சொன்னார். சட்ட விதிப் புத்தகத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டேன், அப்படி ஒரு வரிகூட இல்லை.