வான்கூவர் ஏஏ மாநாடு: விசாக் காகிதங்களில் பட்ட பாடு

2025 ஜூலை 3 முதல் 6 வரை கனடாவின் வான்கூவரில் நடந்த, குடியிலிருந்து மீள்வோரின் இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் (ஏஏ) சர்வதேச மாநாட்டுக்குப் போக விரும்பிய தமிழ்நாட்டு உறுப்பினர்களின் காகித வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் சேர்ந்து எழுதுவது இது. பிசி பிளேஸ் அரங்கில் நாடுகளின் கொடிகள் வலம் வந்ததைப் போய்வந்தவர்கள் சொல்வார்கள். விண்ணப்பம் திரும்பி வந்ததால் அதைப் பார்க்க முடியாமல் போனவர்களின் வருத்தம் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை. 2030-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடக்கப்போகும் அடுத்த மாநாட்டிலாவது அது குறைய வேண்டும்.

மாநாட்டுப் பதிவு இணையத்தில் சில நிமிட வேலை. கைரேகைப் பதிவும் அப்படித்தான். சென்னையிலேயே முடிந்துவிடும், ஒருமுறை கொடுத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும். விசாக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. இவற்றில் யாரும் தடுமாறவில்லை.

தடுமாறியது பழைய வழக்குகளில். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். "அது சும்மா ஃபைன்தானே" என்று நினைத்து, குற்றம் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் கட்டிய பணம் தண்டனைதான். தண்டனை மட்டுமல்ல, கைது செய்யப்பட்டதா, வழக்குப் பதிவானதா என்றும் அந்தக் கேள்வி கேட்கிறது. பொய் சொல்லி மாட்டினால் 5 ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. உண்மையைச் சொன்னவருக்கு வழி இருக்கிறது, மறைத்தவருக்கு இல்லை.

கனடா இதில் ஏன் இவ்வளவு கடுமை காட்டுகிறது என்றால், 2018 டிசம்பர் 18 அன்று அங்கே சட்டம் மாறியது. போதையில் வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்ச தண்டனை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டானது. அதனால் குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது 'கடுமையான குற்றம்' என்ற வகைக்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த ஒரே ஒரு சம்பவம், தண்டனை முடிந்து 10 ஆண்டும் கடந்துவிட்டது என்றால், தானாகவே திருந்தியவராகக் கருதப்பட வாய்ப்பு உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகியிருந்தால் மறுவாழ்வு அங்கீகாரத்துக்கு, அதாவது திருந்திவிட்டவர் என்று கனடா ஏற்பதற்கு, விண்ணப்பிக்கலாம்; முடிவு வர ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். 5 ஆண்டு ஆகவில்லை என்றால் தற்காலிக அனுமதி ஒன்றுதான் வழி, அதுவும் அதிகாரி மனது வைத்தால். அமெரிக்க உறுப்பினர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும் இதே விதி அவர்களுக்கும் உண்டு. குடியை விட்டவர்கள் கூடும் மாநாட்டுக்கு இந்த விதி எவ்வளவு பெரிய தடை என்பதை நாடு முடிவாகும் நாளிலேயே எல்லாக் குழுக்களுக்கும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். பலருக்கு அது தெரியவந்தது விமானச்சீட்டு போட்ட பிறகு.

வழக்கு இருப்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினாலே குற்றம்; கனடாவில் அந்த எல்லை 80. அங்குள்ள அதிகாரி பார்ப்பது, நீங்கள் செய்தது கனடாவில் நடந்திருந்தால் குற்றமாகுமா என்பதை. ஆகவே காவலர்கள் ஊதச்சொன்ன கருவி எவ்வளவு காட்டியது என்ற சீட்டு பெரிய ஆதாரம். அளவு குறைவு என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. நிதானம் இழந்து ஓட்டியதும் அங்கே குற்றம்தான். ஆனாலும் 45 காட்டிய சீட்டு கையில் இருப்பவரின் நிலையும் எதுவும் இல்லாதவரின் நிலையும் வேறு. வழக்கு உள்ளவர்கள் டிராவல் ஏஜென்ட் பேச்சைக் கேட்காமல், கனடாவில் உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவையாவது பேசுங்கள்.

அந்தச் சீட்டையும் தீர்ப்பு நகலையும் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு நீதிமன்ற நகல் பிரிவில் "எஸ்.டி.சி. நம்பர் இல்லாம தேட முடியாது, போயிட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்தது. எஸ்.டி.சி. என்பது சுருக்க விசாரணை வழக்கு; அந்த எண் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அது அபராதம் கட்டிய ரசீதில் இருக்கும். ரசீது தொலைந்திருந்தால் வழக்குப் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்தில் தேதியும் வண்டி எண்ணும் கொடுத்துக் கேட்க வேண்டும். சிறு வழக்குகளின் கட்டுகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவார்கள். அப்படி அழித்திருந்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். 'ஆவணம் இல்லை' என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எதற்கும் உதவாது. தமிழில் உள்ள தீர்ப்புக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் பிரமாணப் பத்திரமும், மூல நகலும் சேர்ந்தே போக வேண்டும். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் விண்ணப்பம் குறையுள்ளதுதான்.

அடுத்து, 10 ஆண்டு வேலை விவரம். இடைவெளி விடக்கூடாது. குடித்துக்கொண்டிருந்த காலத்திலும், மறுவாழ்வு மையத்தில் இருந்த மாதங்களிலும் என்ன எழுதுவது என்று கூச்சப்பட்டு அந்த வரியை அப்படியே விட்டவர்கள் உண்டு. 'வேலையில்லை', ஊர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதினால் போதும். கேட்காத கதை வேண்டாம்; கேட்டதற்குப் பொய்யும் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று. மாநாட்டுப் பதிவில் 'முருகன் கே.' என்று இனிஷியலோடு போட்டிருப்பார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால் வரும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், விசா அதிகாரிக்குத் தெரியாது. பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து போடுங்கள். கழுத்து அட்டையில் முதல் பெயர் மட்டும் இருந்தால் போதும், அது வேறு சங்கதி.

"அடையாளம் மறைக்க வேண்டிய இயக்கத்தில் முழுப் பெயரா?" என்று கேட்டவர்களுக்கு: ஏஏ-வின் நெறிகளான பன்னிரண்டு மரபுகளில் பதினோராவது சொல்வது பத்திரிகை, வானொலி, திரைப்படம் போன்ற பொது ஊடகங்களில் பெயர் வெளியிடாமல் இருப்பதைப் பற்றி. விசா அலுவலகம் ஊடகம் அல்ல. பயண நோக்கத்தில் 'சுற்றுலா' என்று மட்டும் எழுதிவிட்டு, கூடவே மாநாட்டுப் பதிவுச் சீட்டை இணைத்த விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று முரணான காகிதம் தானே வலியப்போய்ச் சந்தேகத்தைக் கூட்டிவரும். மாநாடு என்றே எழுதுங்கள்.

அழைப்புக் கடிதத்தை விசா உத்தரவாதமாக நினைக்க வேண்டாம். வான்கூவரில் தெரிந்தவர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் தன் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, வேலை, அங்கே அவருடைய குடியுரிமை நிலை எல்லாம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'ஏஏ நண்பர்' என்று முதல் பெயரோடு முடித்த கடிதம் பயன்படவில்லை.

பணத்திலும் இப்படி ஒன்று. ஏழாவது மரபுப்படி வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. அது சரியான கொள்கை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குழுவினர் சேர்ந்து ஒருவருக்குக் கொடுத்த பணம் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மொத்தமாக அவர் கணக்கில் விழுந்தால் அது கடன் வாங்கிக் காட்டிய பணம் போலத் தெரியும். குழு சார்பில் கடிதம் கொடுக்கலாம் என்றால், பதிவு பெற்ற சங்கம் இல்லை, லெட்டர்பேடு இல்லை. சொந்தச் சேமிப்பு ஆறு மாதமாவது கணக்கில் தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் மகனோ மனைவியோ செலவை ஏற்பதாகத் தங்கள் சம்பளச் சீட்டோடு எழுதித் தருவது நல்லது.

எங்களுக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலும் இருந்தது 'தங்கும் காலம் முடிந்ததும் திரும்புவார் என்று தோன்றவில்லை' என்ற அச்சடித்த வாக்கியம்தான். அதை வைத்துக்கொண்டு உடனே மறுபடி விண்ணப்பிப்பது பணத்தை இன்னொரு முறை விடுவது. கனடாவில் இருக்கும் ஒருவர் மூலம் ஒப்புதல் படிவம் கொடுத்து, 5 டாலர் கட்டி, அதிகாரி எழுதிய குறிப்பைக் கனடாவின் தகவல் உரிமைச் சட்டப்படி வாங்கலாம். உண்மைக் காரணம் அதில் இருக்கும். அதைப் படித்துச் சரிசெய்து மறுபடி போட்டவருக்கு விசா கிடைத்தபோது எங்கள் எல்லோருக்கும் வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஓட்டல் பற்றிச் சுருக்கமாக. ஜூலை 1 கனடா தினம், 4 அமெரிக்க சுதந்திர தினம். மாநாடு இரண்டையும் ஒட்டி வந்ததால் அறை வாடகை எகிறியது. மேலே 5 சதவீத ஜிஎஸ்டி, 8 சதவீத மாகாண வரி, தங்கல் வரி, 2023 முதல் வான்கூவரில் 2.5 சதவீதப் பெருநிகழ்வு வரி என்று ஏறும். சாவி வாங்கும்போது முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டோடு நின்றவர்கள் அங்கே திண்டாடினார்கள். அறைக்குள் இருக்கும் மினிபாரைக் காலி செய்துதரச் சொல்லி முன்கூட்டியே எழுதுங்கள். இயக்கத்துக்கு வந்து ஒரு வாரம் கூட ஆகாத புது உறுப்பினர் உங்களோடு தங்கக்கூடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்து செய்யக்கூடிய சீட்டும் அறையுமே போடுங்கள். 2020 டெட்ராய்ட் மாநாடு கொரோனாவால் நேரில் நடக்காமலே போனது.

செயின்ட் லூயிஸுக்கு அமெரிக்க விசா வேண்டும். அதற்கான டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தில் 'போதைப்பொருள் பழக்கத்துக்கு அடிமையாக இருந்தீர்களா' என்று நேரடியாகவே கேட்பார்கள். மதுவோடு வேறு போதையும் எடுத்தவர்களை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பலாம். மது தொடர்பான கைது கடந்த 5 ஆண்டில் ஒன்றோ, 10 ஆண்டில் இரண்டோ இருந்தாலும் அதே கதி. மறுவாழ்வு மையத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, சிகிச்சை தேதிகள், தீர்ப்பு நகல் இவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். மையங்கள் மூடப்படுகின்றன, மருத்துவர்கள் ஊர் மாறுகிறார்கள். 2029-ல் போய் நின்றால் தேடித்தர ஆள் இருக்கமாட்டார்.